ஜிபியு சர்வர்களுக்கு டேட்டா சென்டர் தேடும் முன்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெப் சர்வர்களும் டேட்டாபேஸ் சர்வர்களும் நிறைந்த சாதாரண ராக் (சர்வர்களை அடுக்கும் அலமாரி) ஒன்று, பெரும்பாலான டேட்டா சென்டர்களில் 4 முதல் 8 கிலோவாட் வரைதான் இழுக்கும். பழைய கூடங்களில் கேபிள், பிரேக்கர், ஏசி எல்லாம் இந்தக் கணக்கில் போடப்பட்டவை. ஏஐ கணக்கீட்டுக்கான எட்டு ஜிபியு சிப்களைக் கொண்ட, என்விடியாவின் டிஜிஎக்ஸ் எச்100 சர்வர் பெட்டி ஒன்றே ஒன்று, முழு வேகத்தில் ஓடும்போது 10.2 கிலோவாட் வரை இழுக்கிறது. அதன் உயரம் 8 யூ (யூ என்பது ராக்கின் உயர அலகு). 42 யூ ராக்கில் ஐந்து பெட்டிகள் நுழையும். ஐந்தையும் ஓடவிட்டால் 51 கிலோவாட். திரவக் குளிர்ச்சியில் ஓடும், அதே நிறுவனத்தின் ஜிபி200 என்விஎல்72 ராக் ஏறத்தாழ 120 கிலோவாட் கேட்கிறது. ராக் பாதி காலியாக இருக்கும்போதே மின்சாரமும் குளிர்ச்சியும் தீர்ந்துவிடும் என்பதால், இங்கே இடத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

சொந்தமாக ஜிபியு சர்வர் வாங்கி, அதை வேறொருவர் நடத்தும் டேட்டா சென்டரில் வாடகைக்கு வைக்கப் போகிற சிறு நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சிக் குழுக்களுக்கும் இதை எழுதுகிறேன். இந்த ஏற்பாட்டைத் தொழிலில் கோலோகேஷன் என்பார்கள். உதாரணத்துக்குச் சென்னையை எடுத்துக்கொள்கிறேன். கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர்; அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் பெரிய வளாகங்கள் அடுத்தடுத்து எழுந்திருக்கின்றன. அம்பத்தூரில் எஸ்டிடி, என்டிடி, டிஜிட்டல் கனெக்‌ஷன். சிறுசேரி சிப்காட்டில் சிஃபி, அதானிகனெக்ஸ், ஈக்வினிக்ஸ். தேர்வு செய்ய ஆள் இருக்கிறார்கள். என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எந்த டேட்டா சென்டரின் கையேட்டைத் திறந்தாலும் மொத்த மெகாவாட் பெரிய எழுத்தில் இருக்கும். அது அவர்கள் கட்டிடத்தின் கணக்கு. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "எனக்குத் தரும் இந்த ராக்கில், இடைவிடாமல், ஆண்டின் மிக வெப்பமான நாளில், இரண்டு மின்வழிகளில் ஒன்று போன நிலையிலும், எத்தனை கிலோவாட் தாங்கும்?" இனி வரும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குவதற்கானவை.

படி 1: உங்கள் சுமைக் கணக்கை முதலில் எழுதுங்கள்

விற்பனைப் பிரிவுக்குப் போன் செய்யும் முன்னால் இதை முடித்துவிடுங்கள். கணக்கு இல்லாமல் பேசப் போனால், அவர்களிடம் எது காலியாக இருக்கிறதோ அதுவே உங்களுக்குப் பொருத்தமானது என்று சொல்லப்படும்.

ஒவ்வொரு சர்வர் மாடலுக்கும் அதன் அதிகபட்ச மின்சுமை, எத்தனை பவர் சப்ளை, அவற்றில் எத்தனை உயிரோடு இருந்தால் முழு வேகத்தில் ஓடும், எந்த வகை பிளக், எடை, ஆழம், உள்ளே போகும் காற்றின் வெப்ப வரம்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் பயனர் கையேட்டிலேயே இவை இருக்கும்.

பவர் சப்ளைகளின் திறனைக் கூட்டிச் சுமை என்று எழுதிவிடாதீர்கள். டிஜிஎக்ஸ் எச்100இல் 3.3 கிலோவாட் பவர் சப்ளைகள் ஆறு இருக்கின்றன. கூட்டினால் 19.8 வரும், உண்மையான உச்சம் 10.2தான். இப்படிக் கூட்டியவர் தேவைக்கு இரு மடங்கு மின்சாரத்துக்கு மாதாமாதம் வாடகை கட்டுவார். நேர் எதிரான தவறும் உண்டு. வெப் சர்வர் உலகில், எல்லாச் சர்வரும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகாது என்ற நம்பிக்கையில் சுமையைக் குறைத்துப் போடுவது வழக்கம். மாடல் பயிற்சியில் அந்த நம்பிக்கை செல்லாது. எல்லா ஜிபியுக்களும் ஒரே தாளத்தில், வாரக்கணக்கில், உச்சத்தை ஒட்டியே ஓடும். அளந்து பார்க்கும் வரை அதிகபட்சத்தையே வைத்துக் கணக்குப் போடுங்கள். நெட்வொர்க் ஸ்விட்ச்களையும் ஸ்டோரேஜையும் மறக்க வேண்டாம். 400 கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றே 1 கிலோவாட்டுக்கு மேல் போகக்கூடியது.

அடுத்த இரண்டு ஆண்டுத் திட்டத்துக்கும் ஒரு வரி வேண்டும். எட்டு ஜிபியு கொண்ட என்விடியா பெட்டியின் உச்சச் சுமை ஏ100 காலத்தில் 6.5 கிலோவாட், எச்100இல் 10.2, பி200இல் ஏறத்தாழ 14.3. அதே எண்ணிக்கைப் பெட்டிகள், ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்பது முதல் ஐம்பத்தேழு விழுக்காடு வரை கூடுதல் மின்சாரம். இன்றைக்குச் சரியாகப் பொருந்தும் ராக், மாற்றும் நாளில் போதாமல் போகும்.

படி 2: மின்சாரம், பிளக்கிலிருந்து பின்னோக்கி

நல்ல டேட்டா சென்டரில் ஒவ்வொரு ராக்குக்கும் இரண்டு தனித்தனி மின்வழிகள் வரும். ஏ லைன், பி லைன் என்பார்கள். இரண்டும் வேறு வேறு யூபிஎஸ்ஸிலிருந்து வர வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: இரண்டு லைன் இருக்கிறது என்பதால் திறன் இரட்டிப்பாகிவிடாது. ஒன்று போனால் மற்றது முழுச் சுமையையும் தனியாகச் சுமக்க வேண்டும். ஆகவே ஒரு லைனின் திறன்தான் உங்கள் ராக்கின் திறன்.

230 வோல்ட் கணக்கில், 32 ஆம்பியர் மூன்று ஃபேஸ் லைன் சுமார் 22 கேவிஏ தரும் (சர்வர் சுமைக்குக் கேவிஏவை ஏறத்தாழக் கிலோவாட் என்றே எடுத்துக்கொள்ளலாம்). 63 ஆம்பியர் என்றால் சுமார் 43.5 கேவிஏ. இப்போது எச்100 பெட்டிகளை வைத்துப் பாருங்கள். இரண்டு பெட்டிகள் 20.4 கிலோவாட், 32 ஆம்பியரில் ஏறக்குறைய விளிம்பில் நிற்கும், ஸ்விட்ச் சேர்த்தால் விளிம்பும் போய்விடும். நான்கு பெட்டிகள் 40.8, 63 ஆம்பியரில் அதே நெருக்கடி. மூன்று பெட்டிகளை 63 ஆம்பியர் லைனில் வைத்தால் 30.6 கிலோவாட், அதாவது லைன் திறனில் 70 விழுக்காடு. என்னைக் கேட்டால் இதுதான் நிம்மதியான அமைப்பு. பிரேக்கரின் முழு அளவுக்குத் தொடர்ச்சியாக இழுப்பது எந்த ஊரிலும் நல்ல பழக்கமில்லை. 80 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே பெட்டியின் ஆறு பவர் சப்ளைகளில் நான்கு இருந்தால் முழு வேகம் கிடைக்கும். மூன்றை ஏ லைனிலும் மூன்றை பி லைனிலும் போட்டிருப்பீர்கள். ஒரு லைன் போனால் மிஞ்சுவது மூன்று. பெட்டி நின்றுவிடாது, ஆனால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். பழுதாகி நின்றுபோவதைவிட இது நல்லதுதான். ஆனாலும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் அன்றிரவு "ஏன் பயிற்சி மெதுவாகிவிட்டது" என்று மென்பொருளில் தேடிக்கொண்டிருக்க மாட்டீர்கள். மூன்றும் மூன்று ஃபேஸ்களில் ஒவ்வொன்றாக அமையும்படி செருகச் சொல்லுங்கள். ஒரே ஃபேஸில் குவிந்தால் மொத்தச் சுமை குறைவாக இருக்கும்போதே அந்த ஃபேஸின் பிரேக்கர் விழும்.

பிளக் விஷயம் சிறியது, ஆனால் நிறுவும் நாளைக் கெடுப்பது அதுவே. இந்த வகைப் பெட்டிகளுக்கு சி19 என்ற பெரிய வகைப் பிளக் துளைகள் வேண்டும். மூன்று பெட்டிகளுக்குப் பதினெட்டு. ராக்கோடு தரப்படும் சாதாரண பிடியுவில் (ராக்குக்குள் மின்சாரத்தைப் பங்கிடும் பிளக் பட்டை) சிறிய வகையான சி13 வரிசையாக இருக்கும், சி19 நான்கோ ஆறோ இருக்கும். பிடியுவின் மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, துளைகளை எண்ணிப் பாருங்கள்.

ராக்கைத் தாண்டிப் பின்னோக்கிப் போங்கள். உங்கள் வரிசைக்கு மின்சாரம் கொண்டுவரும் பொது உலோகப் பட்டையான பஸ்பாரின் திறன் என்ன? அதில் ஏற்கெனவே யார் யார் எவ்வளவு எடுக்கிறார்கள்? யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும்? ஜெனரேட்டரின் திறன் மணிக்கணக்கான அவசரத் தேவைக்கு மட்டும் அளவிடப்பட்டதா, தொடர்ந்து ஓடுவதற்கா? டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருப்பு? ஒரு மெகாவாட் சுமைக்கு மணிக்கு ஏறத்தாழ 250 முதல் 270 லிட்டர் வரை செலவாகும் என்பதை வைத்து அவர்கள் சொல்லும் இருப்பை நீங்களே சரிபார்க்கலாம். குளிர்ச்சிக்கான சுமையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 48 மணி நேரம் என்பது பாதி நிரம்பிய கட்டிடத்துக்கு உண்மையாகவும், முழுக்க நிரம்பிய கட்டிடத்துக்குப் பொய்யாகவும் இருக்கக்கூடும்.

படி 3: குளிர்ச்சி

சர்வருக்குள் போகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வரும். 10 கிலோவாட் வெப்பத்தை, காற்றின் வெப்பநிலை 12 டிகிரி மட்டும் உயரும்படி வெளியேற்ற, மணிக்குச் சுமார் 2,500 கனமீட்டர் காற்று வேண்டும். அதே 10 கிலோவாட்டைத் தண்ணீரில் ஏற்றினால், 10 டிகிரி உயர்வுக்கு நிமிடத்துக்கு 14 லிட்டர் போதும். ஒரே ராக்கில் அதிகச் சுமை வைக்கும் ஹை டென்சிட்டி உலகம் தண்ணீரை நோக்கிப் போவதன் காரணம் இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது.

பழைய பாணிக் கூடத்தில் உயர்த்திய தரைக்கு அடியிலிருந்து துளையிட்ட ஓடுகள் வழியாகக் குளிர்காற்று வரும். சாதாரணத் துளை ஓடு ஒன்று மணிக்கு 500 முதல் 850 கனமீட்டர் வரை தரும். ஒரே ஒரு எச்100 பெட்டிக்கே மூன்று முதல் ஐந்து ஓடுகள் வேண்டும்; ராக்கின் முன்னால் இருப்பதோ ஒன்று அல்லது இரண்டு. போதிய காற்று வராவிட்டால் சர்வர் விசிறிகள் சும்மா இருக்காது. பின்பக்கத்து வெந்த காற்றையே மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் இழுத்துக்கொள்ளும். கூடத்தின் சராசரி 24 டிகிரி என்று திரையில் காட்டும். உங்கள் ராக்கின் மேல்தட்டுச் சர்வர் 35 டிகிரிக் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும்.

எனவே சுமையைப் பொறுத்துக் கேளுங்கள். 10 கிலோவாட்டை ஒட்டி இருந்தால், குளிர்ப்பாதையும் வெப்பப்பாதையும் கதவு, கூரை போட்டு முழுதாகப் பிரிக்கப்பட்டிருந்தால் போதும். 20, 30 கிலோவாட்டுக்குப் போகும்போது, பிரித்த பாதையோடு பெரிய விசிறிச் சுவரோ, ராக் வரிசைக்குள்ளேயே நிற்கும் குளிரூட்டியோ, ராக்கின் பின்கதவாகப் பொருத்தும் குளிர்நீர்ச் சுருளோ வேண்டியிருக்கும். பின்கதவு முறையை நான் விரும்புகிறேன். சர்வரில் எந்த மாற்றமும் தேவையில்லை. வெப்பம் ராக்கை விட்டு வெளியேறும் முன்பே பிடிக்கப்படுகிறது. பக்கத்து வாடிக்கையாளரின் வெப்பம் உங்களைத் தொடுவதில்லை. 50 கிலோவாட்டைத் தாண்டினால் சிப்பின் மேலேயே குளிர்தகடு வைத்துத் திரவம் ஓட்டும் முறைதான் பெரும்பாலும் வழி. அங்கே திரவத்தைப் பங்கிடும் சிடியு யாருடைய சொத்து, பராமரிப்பு யாருடையது, திரவத்தின் தரத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிப்பார்கள், கசிவு உணரி எங்கெங்கே என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். எல்லா வெப்பமும் திரவத்தில் போய்விடாது என்பதையும் நினைவில் வையுங்கள். மெமரி, நெட்வொர்க் கார்டு, பவர் சப்ளை ஆகியவற்றின் வெப்பம் பெரும்பாலான அமைப்புகளில் காற்றுக்கே வரும். 120 கிலோவாட் ராக்கில் அந்த மிச்சமே ஒரு பழைய ராக்கின் மொத்தச் சுமையைவிட அதிகம்.

சென்னையில் திரவக் குளிர்ச்சி எடுப்பவர்கள் பனிநிலையை, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை, கேட்க வேண்டும். கடலோர ஈரக்காற்றில் குழாயின் வெப்பநிலை பனிநிலைக்குக் கீழே போனால் குழாய் வியர்க்கும், சொட்டும். கூடத்தின் ஈரப்பதம் கட்டுக்குள் இருக்கும் வரை பிரச்சினையில்லை. பராமரிப்புக்காகக் கதவு நீண்ட நேரம் திறந்திருக்கும் நாளில் என்ன ஆகும் என்பதே கேள்வி.

எந்த வெப்பநிலை சரி? குளிரூட்டல் துறைப் பொறியாளர்களின் ஆஷ்ரே அமைப்பு சர்வருக்குள் போகும் காற்றுக்குப் பொதுவாக 18 முதல் 27 டிகிரி வரை பரிந்துரைக்கிறது. 2021இல் வெளியான திருத்தத்தில், நெருக்கமாக அடுக்கிய காற்றுக்குளிர்ச்சி சர்வர்களுக்கு எச்1 என்று தனி வகுப்பு சேர்த்து, 18 முதல் 22 வரை என்று குறுக்கியது. ஒப்பந்தத்தில் "27 டிகிரிக்குள்" என்று மட்டும் இருந்தால் பொதுச் சர்வர்களுக்கு அது போதும். உங்களுக்குப் போதாமல் போகலாம். வெப்பம் கூடினால் ஜிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 16,000 எச்100 ஜிபியுக்களில் நடந்த ஒரு பயிற்சியில், நண்பகல் வெப்பத்தால் வேகம் 1 முதல் 2 விழுக்காடு வரை ஏறி இறங்கியதாக 2024இல் மெட்டா நிறுவனமே எழுதியிருக்கிறது. பழுது எதுவும் இல்லாமலே பணம் கரையும் வழி இது.

அடுத்து, மிக வெப்பமான நாள். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் முதன்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியபோது, லண்டனில் கூகுள், ஆரக்கிள் ஆகிய இரண்டின் டேட்டா சென்டர்களிலும் குளிர்ச்சி தடுமாறிச் சேவைகள் நின்றன. சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. சில்லர்கள் (குளிர்நீர் தயாரிக்கும் இயந்திரங்கள்) எந்த வெளிவெப்பநிலைக்கு வடிவமைக்கப்பட்டவை என்று கேளுங்கள். மொட்டைமாடியில் சில்லர்கள் நெருக்கமாக நின்றால், ஒன்றின் வெப்பக்காற்றை மற்றொன்று இழுக்கும். அங்கே நிலவும் வெப்பம் வானிலை மையம் சொல்வதைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். அதையும் சேர்த்துத்தான் வடிவமைத்தீர்களா என்பது நல்ல கேள்வி.

கரண்ட் போகும் அந்தச் சில நிமிடங்கள் ஹை டென்சிட்டிக்கே உரிய ஆபத்து. ஜெனரேட்டர் அரை நிமிடத்தில் வந்துவிடும். சில்லர் மீண்டும் முழுத் திறனுக்கு வரச் சில நிமிடங்கள் ஆகும். 5 கிலோவாட் ராக் அந்த இடைவெளியைத் தாங்கும். 30 கிலோவாட் ராக்கில் யூபிஎஸ் தயவில் சர்வர் முழு வேகத்தில் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்க, ஓரிரு நிமிடத்தில் அபாய எல்லை வந்துவிடும். விசிறிகளும் குளிர்நீர்ப் பம்புகளும் யூபிஎஸ்ஸில் இருக்கின்றனவா, குளிர்நீர்ச் சேமிப்புத் தொட்டி உண்டா, எத்தனை நிமிடத்துக்கு என்று கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் 15 கிலோவாட்டுக்கு மேல் வைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் இந்த ஊரில் கேட்டாக வேண்டியது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டுபோனதைப் பார்த்தவர்கள் நாம். குளிர்கோபுரம் வைத்த இடமென்றால் தினசரித் தேவை, தரைத்தொட்டியின் கொள்ளளவு, சுத்திகரித்த கழிவுநீர் இணைப்பு மூன்றையும் கேளுங்கள். காற்றால் குளிரும் சில்லர்கள் மின்சாரம் கொஞ்சம் கூட எடுக்கும், தண்ணீர்க் கவலை குறையும்.

படி 4: கட்டிடமும் மண்ணும்

எச்100 பெட்டி ஒன்று 130 கிலோ. மூன்று வைத்து, ராக், பிடியு, கேபிள் எல்லாம் சேர்த்தால் 550 கிலோவைத் தாண்டும். என்விஎல்72 போன்ற ராக் ஒன்று ஏறத்தாழ 1.36 டன். உயர்த்திய தரை ஒரு சதுரமீட்டருக்கு எவ்வளவு தாங்கும் என்பதோடு, லாரி நிற்கும் மேடை முதல் உங்கள் ராக் நிற்கும் இடம் வரை உள்ள முழுப் பாதையையும் பாருங்கள். சரக்கு லிஃப்டின் எடை வரம்பு, கதவின் உயரம், சரிவுப்பாதை. பெட்டி வந்திறங்கிய பிறகு லிஃப்டில் ஏறாது என்று தெரிவது மிக மோசமான நாள். ராக்கின் ஆழம் 1,200 மில்லிமீட்டர் இருக்கட்டும். 1,000 ஆழத்தில் கேபிளுக்கும் பிடியுவுக்கும் இடம் இராது.

வெள்ளம். 2015 டிசம்பரும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலும் சென்னையில் எந்தப் பகுதி மூழ்கும் என்பதைக் காட்டிவிட்டன. மிக்ஜாமில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் புகுந்தது. அதற்காக அம்பத்தூரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உயர்த்திக் கட்டிய வளாகங்கள் அங்கே உண்டு. அந்த இரண்டு வெள்ளத்தின்போதும் சாலையில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது, டீசல் தொட்டியும் மின்னறையும் எந்த மட்டத்தில் இருக்கின்றன, டீசல் லாரி உள்ளே வர முடிந்ததா, ஊழியர்கள் எத்தனை நாள் உள்ளேயே தங்கினார்கள் என்று கேளுங்கள். அந்த நாட்களில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவரிடம் நேரில் பேச முடிந்தால் இன்னும் நல்லது.

தீ விஷயத்தில் பேட்டரி அறையைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பிடித்து, 709 அரசுக் கணினி அமைப்புகள் நின்றுபோயின. பேட்டரி, சர்வர் கூடத்திலிருந்து தனிச் சுவருக்குப் பின்னால் தனி அறையில் இருக்க வேண்டும். உங்கள் பேக்கப் இன்னொரு கட்டிடத்தில், முடிந்தால் இன்னொரு ஊரில் இருக்க வேண்டும்.

படி 5: சான்றிதழ்கள், நெட்வொர்க்

சான்றிதழ் பற்றிச் சுருக்கமாக. டேட்டா சென்டர்களைத் தரம் பிரிக்கும் அப்டைம் இன்ஸ்டிட்யூட் தரும் டயர் 3 என்றால், எந்தப் பாகத்தையும் சேவையை நிறுத்தாமல் பராமரிக்கலாம் என்று பொருள். அது வரைபடத்துக்குத் தந்த சான்றா, கட்டி முடித்த கட்டிடத்துக்குத் தந்த சான்றா என்று பாருங்கள், இரண்டும் வேறு. அவர்கள் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. ஆனால் எந்த டயர் சான்றும் ஒரு ராக்குக்கு எத்தனை கிலோவாட் என்று சொல்வதில்லை. டயர் 4 கட்டிடத்திலும் உங்கள் ராக்குக்கு 6 கிலோவாட்தான் கிடைக்கக்கூடும்.

நெட்வொர்க்கில் வெளியே போவது, உள்ளே ஓடுவது என்று இரண்டு உண்டு. வெளியே போவதற்குச் சென்னையில் வசதி நிறைய. பல நிறுவனங்களின் ஃபைபர் வரும் இடமா, ஃபைபர் இரண்டு வெவ்வேறு பக்கங்களிலிருந்து நுழைகிறதா, நிக்ஸி, டிசிக்ஸ், எக்ஸ்ட்ரீம் ஐஎக்ஸ் போன்ற இணையப் பரிமாற்ற மையங்களுக்கு இணைப்பு உண்டா, கட்டிடத்துக்குள் இன்னொரு நிறுவனத்தோடு சேர்க்கும் ஒவ்வொரு குறுக்கிணைப்புக்கும் மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் போதும். தரவை ஏற்றும் நேரத்தையும் கணக்கிடுங்கள். 100 டெராபைட்டை 1 கிகாபிட் இணைப்பில் அனுப்ப ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். 10 கிகாபிட்டில் ஒரு நாளுக்குள் முடியும். பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் நகர மையத்தை ஒட்டிய விலை உயர்ந்த இடம் தேவையில்லை.

உள்ளே ஓடும் நெட்வொர்க்தான் ராக் அடர்த்தியோடு நேரடியாக மோதுகிறது. பல சர்வர்கள் சேர்ந்து ஒரே மாடலைப் பயிற்றுவித்தால், ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் எட்டு 400 கிகாபிட் இணைப்புகள் கிளம்பும். மலிவான செப்புக் கேபிள் இந்த வேகத்தில் இரண்டு, மூன்று மீட்டருக்கு மேல் போகாது. ராக்குக்கு ஒரு பெட்டி என்று பரப்பினால் எல்லாம் ஒளியிழைக்கு மாற வேண்டும். ஒளியிழையின் இரு முனையிலும் செருகும் டிரான்ஸ்சீவர்களின் விலையும் அவை இழுக்கும் மின்சாரமும் சேரும். இருந்தாலும் புதியவர்களுக்கு நான் சொல்வது: எட்டுப் பெட்டிகளுக்குள் இருந்தால், ராக்குக்கு ஒன்று என்று பரப்பி, காற்றுப்பாதை நன்றாகப் பிரித்த சாதாரணக் கூடத்தில் வையுங்கள். ஒளியிழைச் செலவு கூடினாலும், திரவக் குளிர்ச்சிக்கான ஏற்பாடு, நீண்ட ஒப்பந்தம், பழகாத பராமரிப்பு இவற்றைவிட அது பெரும்பாலும் மலிவாகவே முடியும். அடர்த்தி உங்களுக்குத் தேவைப்படும்போது மட்டும் வாங்குங்கள்.

படி 6: பணம்

இந்தியக் கோலோகேஷன் கட்டணத்தில் பொதுவாக இரண்டு பகுதி இருக்கும். ஒதுக்கிய கேவிஏவுக்கு மாத வாடகை. எரித்த யூனிட்டுக்கு மின்கட்டணம். இரண்டாவதில் பியூஇ பெருக்கப்படும். கட்டிடம் முழுவதும் எடுக்கும் மின்சாரத்தைக் கணினிகள் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்தால் வருவதே பியூஇ. உங்கள் சர்வர்கள் இடைவிடாமல் 30 கிலோவாட் எடுத்தால் 30 நாள் மாதத்துக்கு 21,600 யூனிட். பியூஇ 1.5 என்றால் பில்லில் 32,400, 1.7 என்றால் 36,720. வித்தியாசம் 4,320 யூனிட். யூனிட் 9 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 38,880 ரூபாய். ராக் வாடகையில் பேரம் பேசி இவ்வளவு குறைக்க முடியாது. ஆகவே பியூஇ அளந்து போடப்படுகிறதா, ஒப்பந்தத்தில் நிலையான எண்ணா, நிலையானதென்றால் உச்சவரம்பு என்ன என்பதில் பேசுங்கள். கட்டிடம் புதிதாகத் திறந்து பாதி காலியாக இருக்கும்போது அளந்த பியூஇ மோசமாக வரும். அந்தக் காலத்துக்கு நிலையான எண் உங்களுக்கு நல்லது.

சர்வர்கள் கட்டம் கட்டமாக வரும் என்றால் வாடகையும் கட்டம் கட்டமாக ஏறும்படி கேளுங்கள். பெட்டி வரத் தாமதமாகி, காலி ராக்குக்கு 30 கேவிஏ வாடகை கட்டுவது அடிக்கடி நடக்கிறது. "30 கிலோவாட் தருகிறோம், ஆனால் பக்கத்து இரண்டு ராக் காலியாக இருக்க வேண்டும்" என்றால், அந்த இரண்டுக்கும் வாடகை உண்டா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். 18 விழுக்காடு ஜிஎஸ்டியையும் சேர்த்தே ஒப்பிடுங்கள்.

படி 7: நேரில் போங்கள்

விற்பனையாளரோடு மட்டும் சுற்றாதீர்கள். கூடத்தை இயக்கும் பொறியாளர் உடன் வர வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். மதிய வெயிலில், முடிந்தால் ஏப்ரல், மே மாதத்தில் போங்கள்.

இன்று ஓடிக்கொண்டிருக்கும் ராக்குகளில் அதிகச் சுமை எத்தனை கிலோவாட், அதைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். வாடிக்கையாளர் பெயர் வேண்டாம், மீட்டரைக் காட்டினால் போதும். 50 கிலோவாட் தாங்கும் என்று கையேட்டில் போட்டுவிட்டு, இதுவரை ஓட்டிய அதிகபட்சம் 9 என்றால், முதல் பரிசோதனை உங்கள் சர்வர்களில்தான் நடக்கும். ராக்குகளில் காலி இடங்களை மூடும் தகடுகள் போட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். தகடு போடாமல் ஓட்டையாக விட்டிருக்கும் கூடத்தில் காற்றோட்டத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்று பொருள். வெப்பப்பாதைக்குள் நுழையுங்கள், அனல் அடிக்க வேண்டும். இதமாக இருந்தால் குளிர்காற்று வீணாக அங்கே கசிகிறது. ஒரு சின்ன டிஜிட்டல் வெப்பமானி எடுத்துப்போய், ஏதாவது ஒரு ராக்கின் முன்பக்கத்தில் கீழே, நடுவே, மேலே மூன்று இடத்திலும் அளக்க அனுமதி கேளுங்கள். கடைசியாக ஏற்பட்ட பெரிய பழுதைப் பற்றிக் கேளுங்கள். எப்போது, ஏன், பிறகு என்ன மாற்றினார்கள் என்று விவரமாகச் சொல்பவரை நம்பலாம். எங்களிடம் பழுதே வந்ததில்லை என்பவரிடம் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

இரவு இரண்டு மணிக்குக் கேபிள் மாற்றிச் செருக ஆள் உண்டா, அதற்குக் கட்டணம் என்ன, ஜிபியு பெட்டியைத் திறந்து பழக்கமுள்ளவரா என்பதும் இங்கேயே கேட்க வேண்டியது. 130 கிலோ பெட்டியை ராக்கில் ஏற்றச் சர்வர் லிஃப்ட் வண்டி அவர்களிடம் இருக்க வேண்டும்.

படி 8: ஒப்பந்தமும் ஒப்படைப்புச் சோதனையும்

மின்சாரத்துக்கு மட்டும் உத்தரவாதம் எழுதி, குளிர்ச்சியை "தொழில் வழக்கப்படி" என்று விடும் ஒப்பந்தங்கள் ஏராளம். ராக்கின் முன்பக்கத்தில், எந்த உயரத்தில் அளப்பது, எத்தனை டிகிரிக்குள், எத்தனை நிமிடச் சராசரி என்று எழுத வையுங்கள். திரவமென்றால் உள்ளே வரும் வெப்பநிலை, ஓட்ட அளவு, அழுத்தம் மூன்றும் வேண்டும். ஒதுக்கிய கிலோவாட்டைப் பிறகு ஒருதலையாகக் குறைக்க அவர்களுக்கு உரிமை தரும் வரி எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பராமரிப்பு என்ற பெயரில் ஒரு லைனை நிறுத்த எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதும் எழுத்தில் வேண்டும். மத்திய அரசின் இணையப் பாதுகாப்புப் பிரிவான செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி டேட்டா சென்டர்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால், நிறுவன ஆவணங்கள், முகவரிச் சான்று எல்லாம் கேட்பார்கள், தயாராக வைத்திருங்கள்.

கையெழுத்துக்கு முன்பே ஒப்படைப்புச் சோதனையைச் சேர்த்துவிடுங்கள். சர்வர்கள் ஏறும் முன், ராக்கில் வைக்கும் சோதனைச் சூடேற்றிகளை வாடகைக்கு எடுத்து, ஒப்பந்தச் சுமை முழுவதையும் குறைந்தது எட்டு மணி நேரம், பகல் வெயில் உட்பட, ஓட விடுங்கள். மேல், நடு, கீழ் வெப்பநிலையைப் பதிவு செய்யுங்கள். சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏ லைன் பிரேக்கரை இறக்கச் சொல்லுங்கள். பி லைன் முழுச் சுமையையும் தாங்குகிறதா, எந்த ஃபேஸில் எத்தனை ஆம்பியர் ஏறுகிறது என்று பாருங்கள். பிறகு ஏவை ஏற்றி, பியை இறக்குங்கள். அடுத்து ஒரு குளிரூட்டியை நிறுத்தச் சொல்லி, வெப்பம் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சூடேற்றி கிடைக்காவிட்டால் சொந்தச் சர்வர்களை வைத்தே இதைச் செய்யலாம். ஆனால் உண்மையான வேலை எதுவும் ஏற்றும் முன்பு, ஜிபியு சோதனை மென்பொருளை ஓட்டி, அவர்களுடைய பொறியாளரும் உங்கள் ஆளும் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். முடிவுகள் இரு தரப்புக் கையெழுத்தோடு ஒப்படைப்பு ஆவணத்தில் ஏறட்டும். மாத வாடகை அந்தத் தேதியிலிருந்தே தொடங்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.